ஏழாம் பக்கத்தின் கடைசிப் பந்தி

1. தகரப் பேணி

செல்லம்மா முதன்முதலாக என் மேசைக்கு வந்தபோது அவருடைய கழுத்திலிருந்த கழலை ஒரு சின்னக் கொய்யாக்காய் அளவில் இருந்தது. அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்த எங்கள் அரசாங்க அலுவலகம் ஸ்கந்தபுரத்தில் ஒரு நெற்களஞ்சியத்தின் பாதியில் இயங்கிக்கொண்டிருந்தது. மற்றப் பாதியில் நெல் மூட்டைகள். நான் அங்கே ஆங்கிலத் தட்டெழுத்தாளர். இடம்பெயர்ந்த அன்று வீட்டுச் சாமான்களில் பாதியைக் கைவிட்டு, அலுவலகத்து ரைப்ரைட்டரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. கைவிட்டவற்றில் என் மனைவியின் தையல் மெசினும் ஒன்று. அவர் அதை இன்னும் மறக்கவில்லை.

செல்லம்மாவின் சிக்கல் எளிமையானது. கழலையை இங்கே வெட்ட முடியாது, வவுனியாவுக்குப் போகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சண்டை எல்லையைத் தாண்டிப் போவதற்குப் பாஸ் வேண்டும். பாஸுக்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும். அது செல்லம்மாவிடம் இல்லை.

மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களோடு எங்கள் அலுவலகத்தில் பலரும் ஒருமையில்தான் பேசுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். "எங்க பிறந்தனீ?" என்று தலை நிமிராமல் கேட்டேன்.

"தோட்டத்துலங்க. நாலாம் நம்பர் லயத்துல. நான் பொறந்த வாரந்தான் தொர பங்களாவுலயும் ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சுன்னு எங்கம்மா சொல்லும்."

வருடம் கேட்டேன். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதற்குப் பிறகு என்றார். எழுபத்தேழு கலவரத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் எரிந்தபோது வீட்டில் இருந்த கடதாசி எல்லாம் போய்விட்டது. கனகராயன்குளத்துக்கு வந்து காடு வெட்டித் தோட்டம் செய்தார்கள். கணவர் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். இப்போது சண்டை பெருவீதி வழியாக வடக்கே ஏறி வர, அங்கிருந்தும் கிளம்பி ஸ்கந்தபுரத்தில் ஒரு கொட்டிலில் இருக்கிறார். பதிவாளர் கந்தோருக்கு நாங்கள் எழுதிக் கேட்டோம். அந்தப் பெயரில் பதிவு இல்லை என்று பதில் வந்தது.

எரியாமல் தப்பியது ஒரே ஒரு கடதாசி. அதை ஒரு பால்மாப் பேணிக்குள் சுருட்டி வைத்திருந்தார். தட்டெழுத்துக்காரனின் கண் முதலில் தாளைத்தான் பார்க்கும். நல்ல தடித்த தாள். ஓரங்கள் நூல் பிசகாமல் நின்றன. தலைப்பில் இரண்டு மான்கள் ஒரு கேடயத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் சின்னம், அதன் கீழே இங்கிலாந்தில் ஒரு மாளிகையின் முகவரி. செல்லம்மாவின் தாய் மூக்காயி ஆறு வருடம் பங்களாக் குசினியில் நேர்மையாகச் சமையல் வேலை செய்தார், நாங்கள் தாய்நாடு திரும்புவதால் இந்தச் சான்றைக் கொடுக்கிறோம் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எழுதி ஒப்பமிட்டிருந்தார்.

எங்கள் பிரதம இலிகிதர் அந்தோனிப்பிள்ளை, முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். சீஃப் கிளாக் என்பதைச் சுருக்கி நாங்கள் அவரைச் சீ.சீ. என்போம். அவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"ஐசே, உது தாய்க்குக் குடுத்த நற்சான்று. மகள் பிறந்ததுக்கு உதில என்ன கிடக்கு?"

அவர் சொன்னது சரி. ஆனால் என் கண் அந்த இரண்டு மான்களை விட்டு அகலவில்லை.

2. விண்ணப்பம் எழுதாத குடும்பம்

அந்தச் சின்னம் ஏதோ பெரிய இடத்துச் சின்னம் என்று எனக்குத் தோன்றியது. இடம்பெயர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தின் நூலகம் அரிசிச் சாக்குகளில் கட்டப்பட்டு எங்கள் களஞ்சியத்துக்குப் பக்கத்துக் கொட்டிலில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளி அதிபரிடம் கேட்டு ஒவ்வொரு சாக்காக அவிழ்த்தேன். நான்காவது சாக்கில், கறையான் அட்டையை மட்டும் தின்றிருந்த ஒரு பழைய ஆங்கில ஆண்டு நூல் கிடைத்தது. இங்கிலாந்துப் பிரபுக்களின் குடும்பங்களை வரிசைப்படுத்திப் போட்டிருந்தார்கள். முகவரியை வைத்துத் தேடியதில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். குடும்பப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிரபு என்றே சொல்கிறேன்.

துரை, அன்றைய பிரபுவின் தம்பி. அந்தக் குடும்பத்தில் ஒருவர் மந்திரியாக இருந்திருக்கிறார். ஒருவர் எங்கோ ஒரு தீவுக்கு ஆளுநர். ஒருவர் ஆயர். இன்னொருவர் கீழ்ச்சபைத் தேர்தலில் தோற்றுப்போனவர். தகப்பன் இறந்ததும் மேல்சபைக்குள் நேரே போய்க் கதிரையில் இருந்துவிட்டார். பெண்கள் ஆஸ்பத்திரிச் சபைகளுக்கும் அநாதை இல்லங்களுக்கும் தலைமை வகித்திருக்கிறார்கள். பட்டம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், மகன் இல்லாவிட்டால் தம்பிக்குப் போகும், அதோடு பாராளுமன்ற மேல்சபைக் கதிரையும் சேர்ந்து போகும்.

எனக்கு இது பெரிய புதினமாக இருந்தது. நான் வாழ்நாளில் அடித்த கடதாசிகளில் பாதி வேலைக்கான விண்ணப்பங்கள். இவர்களோ இருநூறு வருடமாக நாட்டை ஆளும் வேலையில் இருக்கிறார்கள், ஒருவரும் ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்பவில்லை. பழுதான ஸ்டென்சில் தாளின் பின்பக்கத்தில் அவர்களுடைய வம்ச மரத்தைக் கீறி வீட்டுச் சுவரில் குத்திவைத்தேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, உங்கட பாட்டனுடைய பெயரையாவது ஒருநாள் இப்படி எழுதிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

புத்தகம் பழையது. அதில் இருந்த பிரபு உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஆள் மாறினாலும் பட்டம் மாறாது அல்லவா? பட்டத்துக்கு எழுதினால் இன்று அதை வைத்திருப்பவர் பிரிப்பார். இறந்தவர் பெயருக்கு எழுதினாலும் போய்ச் சேரக்கூடிய கடிதத்தை என் தொழிலில் முதன்முதலாகக் கண்டேன்.

3. எட்டுப் பக்கம்

இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். அது எங்கள் தொழில்காரர் மட்டும் விடக்கூடிய பிழை.

வன்னியில் அந்தக் காலத்தில் மனு என்றால் அதற்கு ஒரு முறை இருந்தது. எவ்வளவு பெரிய ஆளுக்கு எழுதுகிறோமோ அவ்வளவு நீளம். ஒரு பாலம் உடைந்ததைப் பற்றி எழுதினாலும் சுதந்திரம் கிடைத்த காலத்திலிருந்து தொடங்குவோம். கடைசியில் பிரதிகள் என்று போட்டு எட்டுப் பத்துப் பேரின் பதவிகளை வரிசையாக அடிப்போம். ஒரு கடிதம் வெளியே போவதே அரிது என்பதால், போகிற கடிதத்தில் எல்லாத் துன்பத்தையும் ஏற்றிவிடவேண்டும் என்று எங்களுக்கு ஒரு அவதி.

அரசாங்கம் வன்னிக்குள் பொருட்களை விடாமல் மறித்திருந்தது, ரிப்பனுக்கும் அப்போது தடை. பழைய ரிப்பனில் முத்திரை மையைத் தடவிக் காயவைத்து அடித்தேன். சவர்க்காரம், பசளை, சீமெந்து, பற்றரி, சைக்கிள் டியூப், மருந்து என்று தடைப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பந்தி. மரத்தடிப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு பக்கம். மேன்மை தங்கிய பிரபுவே என்று ஆங்கிலத்தில் இருபது தடவைக்கு மேல் விளித்திருப்பேன். இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் என் வாக்கியம் ஒன்று ஒலிக்கப்போகிறது என்ற நினைப்பே எனக்குக் கள் குடித்தது போல் இருந்தது. ஏழாம் பக்கத்தின் கடைசிப் பந்தியில், தங்கள் குடும்பத்தின் முன்னாள் தோட்டத்தில் பிறந்த செல்லம்மா என்பவரின் பிறப்பு பற்றித் தங்களிடம் குறிப்பு ஏதும் இருந்தால் அறியத் தரலாம் என்று மூன்று வரி. எட்டாம் பக்கம் முழுவதும் வணக்கமும் பிரதிகளும்.

சீ.சீ. வாசித்துப் பார்த்துவிட்டுத் தாள்களைக் கையில் எடை பார்த்தார். இது மனுவோ மாநாட்டுப் பேச்சோ என்று கேட்டார். ஆனாலும் தடுக்கவில்லை. முத்திரையும் தந்தார். தபால் பை வவுனியாப் பக்கம் போகும் நாளில் என் கையாலேயே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

4. பெயரைத் தேடிய விரல்

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. அதே மான்கள், அதே கனமான தாள். களஞ்சியத்தில் இருந்த எல்லோரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். என் கடிதம் தன்னை மிகவும் நெகிழ வைத்தது என்று பிரபு எழுதியிருந்தார். நான் சொன்னவற்றைச் சபையில் கேள்வியாக எழுப்பினாராம். நிலைமையைக் கவலையோடு கவனித்து வருவதாக அமைச்சர் பதிலளித்தாராம். அச்சடித்த பிரதியையும் இணைத்திருந்தார். மரத்தடிப் பள்ளிக்கூடங்கள் என்ற என் சொல் அதில் இருந்தது. நான் அதைக் குறைந்தது பத்துத் தடவை வாசித்திருப்பேன்.

மறுநாள் செல்லம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். கழலை இப்போது குரும்பை அளவு வந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இருந்தபடியே தூங்குகிறாராம். நான் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் மேசைக்குக் கிட்ட வந்தார்.

"எம்பேரு எங்கங்க இருக்கு?"

அந்தக் கடிதத்தில் அது இல்லை. அச்சடித்த பிரதியிலும் இல்லை. இல்லை என்று சொன்னேன்.

"நம்ம எழுதுனதுல இருக்குங்களா?"

கோப்பைப் பிரித்து ஏழாம் பக்கத்தின் காபன் பிரதியை எடுத்தேன். மை மங்கி எழுத்து அரைகுறையாகத் தெரிந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தொட்டுக் காட்டச் சொன்னார். நான் விரலை வைத்தேன். என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தார். பிறகு முதலாம் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டி, ஏழாம் பக்கம் வரை வந்தார்.

"இம்புட்டுத் தூரம் வந்து பாப்பாங்களாய்யா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். அவர் உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐந்து மாதமாக ஒரு மனுஷியின் மூச்சு சுருங்கிக்கொண்டிருக்க, நான் சுவரில் வம்ச மரம் கீறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இருங்கோ அம்மா," என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அன்றுதான் அவரை முதன்முதலாக நீங்கள் என்றேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

5. அரைப் பக்கம்

இரண்டாவது கடிதத்தை அவர் சொன்னபடியே அடித்தேன். யாருக்கு எழுதுவது என்பதிலேயே எங்களுக்குள் இழுபறி வந்தது. பிரபுவுக்குத்தான் என்று நான் நின்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. துரையிடம் போனால் பார்க்கலாம் என்பார், பங்களா அம்மாவிடம் போனால்தான் காரியம் நடக்கும் என்று அவருடைய தாய் சொல்வாராம். ஆகவே மாளிகையின் பெண்மணிக்கு என்று விலாசமிட்டோம்.

நான் மூக்காயியின் மகள் செல்லம்மா. உங்கள் தோட்டத்து நாலாம் லயத்தில் பிறந்தேன். நான் பிறந்த வாரம் பங்களாவிலும் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. நான் பிறந்தது எங்காவது எழுதியிருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள், அது இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக விடுகிறார்கள் இல்லை. இவ்வளவுதான். அரைப் பக்கம் கூட வரவில்லை. நான் ஒரு சொல் கூட்டவில்லை. துரை கொடுத்த நற்சான்றையும் பார்த்து ஒரு பிரதி அடித்து இணைத்தேன். பிரதிகள் யாருக்கும் இல்லை.

அதற்குப் பிறகு காத்திருந்த மாதங்களை நான் விரிக்க விரும்பவில்லை. தபால் பை வந்த ஒவ்வொரு நாளும் நான் போய் நின்றேன். கஞ்சி தவிர வேறொன்றும் இறங்குவதில்லை என்று செல்லம்மாவின் பக்கத்துக் கொட்டில்காரர் சொன்னார். டாக்டர் ஒருநாள் வழியில் என்னை நிறுத்தி, இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்டார். அது என்னிடம் கேட்கவேண்டிய கேள்வி இல்லை, ஆனாலும் அடுத்த தபால் பை வரும் நாளைச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

6. ஜே.பி.

வந்த உறை தடித்திருந்தது. எழுதியவர் பிரபு அல்ல, பிரபுவின் அக்கா. தோட்டத்துப் பங்களாவில் அந்த வாரம் பிறந்த பெண்பிள்ளை அவர்தான்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பெரியப்பன் பிள்ளை இல்லாமல் இறந்ததால் பட்டம் துரைக்கு வந்திருக்கிறது. துரைக்குப் பிறகு அது இளையவரான மகனுக்குப் போனது. மூத்தவர் இவர். ஆனால் பெண் என்பதால் மேல்சபைக் கதிரை இல்லை. அதற்குப் பதிலாக இவர் தன் ஊரில் இருபது வருடமாகச் சமாதான நீதவானாக, அதாவது ஜே.பி.யாக, இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிச் சபையிலும் இருக்கிறார். அந்தக் குடும்பத்துக்கு வரும் கடிதங்களில் மேல்சபைக்கு உரியவை தம்பிக்கு, மற்றவை எல்லாம் தனக்கு என்று எழுதியிருந்தார்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது குடும்பம் ஒரு பெட்டி கடதாசிகளைக் கொண்டுபோயிருக்கிறது. அந்தப் பெட்டியை மூன்று நாள் கிளறி, தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டிஸ்பென்சர் வைத்திருந்த பிறப்புக் கொப்பியைத் தேடி எடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்தின் போட்டோப் பிரதி உறைக்குள் இருந்தது. மேலிருந்து நான்காவது வரியில், பங்களா, பெண், தாயும் பிள்ளையும் நலம். அடுத்த வரியில், நாலாம் லயம், மூக்காயி, பெண், தாயும் பிள்ளையும் நலம். இரண்டுக்கும் ஒரே மை, ஒரே கையெழுத்து. கூடவே, இது மூலத்தின் உண்மையான பிரதி என்று அவர் ஒரு சத்தியக்கடதாசி எழுதி, இன்னொரு சமாதான நீதவானின் முன்னால் ஒப்பமிட்டு முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்.

கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது: என்னுடைய பிறப்புப் பதிவுக்கும் முதல் ஆதாரம் இந்த ஒரு வரிதான். இத்தனை வயதுக்குள் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அந்தக் கொப்பியைத் தேடும்வரை எனக்கு அது உறைக்கவும் இல்லை.

சீ.சீ. நீதவானின் முத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாற்பது வருடம் சத்தியக்கடதாசிகளோடு வாழ்ந்த மனிதர் அவர். பிரபுவின் கடிதம் வந்த அன்று எட்டிப் பார்த்ததோடு சரி. இன்று எழுந்து நின்றார்.

"ஜே.பி. ஒப்பம் இருக்குது ஐசே. இனி இதை ஒருத்தரும் தள்ள ஏலாது. பிடியும் படிவத்தை."

அன்று பின்னேரமே, பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அனுமான வயதுச் சான்றிதழுக்கான படிவத்தை நிரப்பினோம். பிறந்த திகதி என்ற கூட்டுக்குள் ஒரு உண்மையான திகதியை அடித்தேன். செல்லம்மா தன் வயதை முதன்முதலாக அன்றுதான் அறிந்துகொண்டார். தான் நினைத்ததைவிட இரண்டு வயது குறைவு என்று கேட்டதும் சிரித்தார், சிரிப்பில் மூச்சு விசிலடித்தது. சான்றிதழ் வந்தது. அடையாள அட்டை வரும்வரைக்கும் பயன்படுத்தப் படம் ஒட்டிய தற்காலிகக் கடிதம் ஒன்றையும் சீ.சீ. அலைந்து எடுத்துக் கொடுத்தார். பாஸ் கிடைத்தது. செல்லம்மா வவுனியாவுக்குப் போனார்.

ஏழு கிழமைக்குப் பிறகு ஒருநாள் வேலை நேரத்தில் யாரோ ஐயா என்று கூப்பிட்டார்கள். குரல் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கழுத்தில் ஒரு தழும்பு மட்டும் இருந்தது. குரல் கரகரத்துப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ரைப்ரைட்டர் உறையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். அதிலிருந்த மை முகமெல்லாம் அப்பியது.

7. ஒரு வரி

அந்த அம்மையாரோடு கடிதத் தொடர்பு நீடித்தது. வருடத்துக்கு ஒன்று இரண்டு. இரண்டாயிரமாம் ஆண்டு தொடக்கத்தில் வந்த கடிதத்தில் ஒரு புதினம் இருந்தது. இங்கிலாந்தில் சட்டத்தை மாற்றிவிட்டார்களாம். பிரபு குடும்பத்தில் பிறந்தார் என்பதற்காக மட்டும் இனி மேல்சபையில் இருக்க முடியாது. ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் வெளியேறவேண்டும். தம்பியும் வெளியேறிவிட்டார், சபைக்குப் போய்வந்த செவ்வாய்க்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் மாளிகைப் பூந்தோட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தார்.

எனக்கு அந்தக் குடும்பத்தின் மீது இருந்த ஆர்வம் அப்போதும் தணியவில்லை. வம்ச மரத்தை எடுத்துக்கொண்டு செல்லம்மாவின் கொட்டிலுக்குப் போனேன். அவர் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இருநூறு வருடக் கதையைச் சுருக்கிச் சொல்லி, இப்படிப் பிறப்பை மட்டும் வைத்துக் கொடுத்த கதிரையை எடுத்துவிட்டார்கள் என்று முடித்தேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். முகம் வாடிவிட்டது.

"ஏங்க, பொறந்தத நம்ப மாட்டேங்குறாங்களா?"

நான் விளக்கத் தொடங்கினேன். சட்டம், வாக்கெடுப்பு, பரம்பரை உரிமை என்று ஏதேதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் அவர் மனம் வேறெங்கோ இருந்தது. இடையில் என்னை நிறுத்தினார்.

"அந்தம்மா எனக்காவச் சாட்சி சொன்னாங்கல்ல. அவங்க பொறந்தப்ப எங்கம்மாதான் பங்களாவுல சுடுதண்ணி வச்சுச்சு. யாராச்சும் கேட்டா, அவங்க பொறந்ததுக்கு நான் சாட்சின்னு எழுதுங்க."

நான் அவரைத் திருத்தவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி வந்து ரைப்ரைட்டரில் ஒரு நல்ல தாளைச் செருகினேன். புதிதாக வேலைக்கு வந்த தட்டெழுத்தாளர்களுக்கு நான் ஓய்வு பெறும்வரை சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: வந்தவர் எதற்காக வந்தாரோ அதை முதல் வரியில் அடியுங்கள், மிச்சத்துக்கு இடம் இருந்தால் பிறகு பார்க்கலாம். அன்று மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. நான் பிறந்ததற்கு நீங்கள் சாட்சி சொன்னீர்கள், நீங்கள் பிறந்ததற்கு நான் சாட்சி என்று அடித்தேன். செல்லம்மா என்ற பெயரைக் கீழே போட்டு, அவர் விரல் வைப்பதற்கு இடம் விட்டேன்.